அமெரிக்கச் செழிப்பும் ஆவடி முகாமும்

முன்னுரை

முதல் உலகப் போர் முடிவுற்ற 1918-ஆம் ஆண்டிற்கும் இரண்டாம் உலகப் போர் தொடங்கிய 1939-ஆம் ஆண்டிற்கும் இடைப்பட்ட காலத்தை வரலாற்றாசிரியர் இரு கூறாகப் பகுத்துக் காண்பர். முற்கூறு செழிப்புக் காலம். பிற்கூறு சரிவுக் காலம். இப்பகுப்பு அமெரிக்க ஐக்கிய நாட்டின் வரலாற்றை அடிப்படையாகக் கொண்டு எழுந்தது. 1920-க்குப் பிந்திய பத்தாண்டுகளில் அந்நாடு முன்னர் எந்நாடும் கண்டிராத பொருட்பெருக்கத்தை எய்தியது. 1929 அக்டோபரில் நியூயார்க்கு நகரப் பங்குச் சந்தை வீழ்ந்தது. அதன்பின் அப்பெருக்கம் சில ஆண்டுகளுக்குள் வற்றியது. இவ்வளவும் வரலாற்று நூல்களில் விரிவாகச் சொல்லப்படுவனவே.

ஆயினும், அந்நூல்களுள் பல அமெரிக்கச் செழிப்பை அந்நாட்டின் எல்லைக்குள்ளேயே தோன்றி அவ்வெல்லைக்குள்ளேயே முடிந்த ஒன்றாகக் காட்டுகின்றன. அந்நாட்டுத் தொழிலதிபரின் திறமை, பொறியியல் வளர்ச்சி, மக்களின் வாங்கும் ஆற்றல் ஆகியவையே காரணங்களாக எடுத்துரைக்கப்படுகின்றன. இவை உண்மைக் காரணங்களே. எனினும் முழுமையானவை அல்ல. அச்செழிப்பின் அடித்தளத்தில் தமிழ் உழைப்பாளரின் பங்கும் இருந்தது. சென்னையிலிருந்து திருவள்ளூர், கடம்பத்தூர் வழியே அரக்கோணம் நோக்கிச் செல்லும் இருப்புப்பாதையில் அமைந்த ஆவடி என்னும் ஊர், அந்தத் தொடர்பின் ஒரு கண்ணியாக விளங்கியது. அதனை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

செழிப்பின் இயல்பு

அமெரிக்கச் செழிப்பின் தன்மையை முதற்கண் சுருங்கக் காண்போம். 1920-ஆம் ஆண்டுக் குடிமதிப்பு, அந்நாட்டில் நகரங்களில் வாழ்வோர் தொகை நாட்டுப்புறத்தில் வாழ்வோர் தொகையை முதன்முறையாக விஞ்சியதைக் காட்டிற்று. அதே ஆண்டில் பெண்கள் நாடு முழுவதிலும் வாக்குரிமை பெற்றனர். மதுவிலக்கு நாடு தழுவிய சட்டமாக நடைமுறைக்கு வந்தது. பிட்சுபர்க்கு நகரத்து வானொலி நிலையம் தேர்தல் முடிவுகளை ஒலிபரப்பியது. மின்விளக்கும், மின்னியந்திரங்களும், திரைப்படமும் நகர மக்களின் அன்றாட வாழ்வில் இடம்பெற்றன.

இம்மாற்றங்களுக்கெல்லாம் நடுநாயகமாக விளங்கியது மோட்டார் வண்டியே ஆகும். என்றி ஃபோர்டு 1908-ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்திய ‘டி’ மாதிரி வண்டியின் விலை தொடக்கத்தில் ஏறத்தாழ 850 டாலர். நகரும் வரிசை முறையில் வண்டியின் உறுப்புகளை இணைக்கும் ஏற்பாடு 1913-இல் வந்தபின் விலை தொடர்ந்து குறைந்தது. 1925-ஆம் ஆண்டளவில் 300 டாலருக்கும் குறைவாகவே அவ்வண்டியை வாங்க இயன்றது. 1927 மே மாதத்தில் ஃபோர்டு நிறுவனம் தன் ஒன்றரைக் கோடியாவது ‘டி’ மாதிரி வண்டியை உருவாக்கியது. 1920-இல் அந்நாட்டில் பதிவு பெற்றிருந்த பயண வண்டிகள் ஏறத்தாழ 80 இலட்சம்; 1929-இல் அத்தொகை 2 கோடியே 30 இலட்சம் அளவுக்கு உயர்ந்தது. அக்காலத்து உலகில் ஓடிய மோட்டார் வண்டிகளுள் ஐந்தில் நான்கு பங்கு அமெரிக்காவிலேயே ஓடின எனலாம்.

இவ்வளர்ச்சிக்குத் தவணை முறை பெரிதும் துணைநின்றது. ஜெனரல் மோட்டார்சு நிறுவனம் வண்டி வாங்குவோருக்குக் கடன் வழங்கவென்றே 1919-இல் ஒரு துணை நிறுவனத்தைத் தொடங்கிற்று. பத்தாண்டு முடிவதற்குள் விற்பனையான வண்டிகளுள் பாதிக்கு மேற்பட்டவை தவணை முறையில் வாங்கப்பட்டவையாக இருந்தன. நாளை ஈட்டப்போகும் பொருளை நம்பி இன்று செலவு செய்யும் வழக்கம் குடும்பங்களில் வேரூன்றியது. கடன் வாங்குதல் இழுக்கு என்று கருதிய பழைய மனப்பான்மை மாறியது. செழிப்புக் காலத்தின் சமுதாய மாற்றங்களுள் இதனை முதன்மையானதாக நாம் கொள்கிறோம்.

செழிப்பின் மறுபக்கம்

இச்செழிப்பு எல்லார்க்கும் ஒரே தன்மையாகக் கிட்டவில்லை. போர்க்காலத்தில் உயர்ந்திருந்த வேளாண் விளைபொருள்களின் விலை 1920-21-இல் வீழ்ந்தது. அதன்பின் உழவர் கடனினின்று மீளவில்லை. 1930-இல் அந்நாட்டு வீடுகளுள் மூன்றில் இரண்டு பங்கு மின்னிணைப்புப் பெற்றிருந்தும், பண்ணை வீடுகளுள் பத்தில் ஒன்றே அதனைப் பெற்றிருந்தது. தென்மாநிலங்களில் வாழ்ந்த கறுப்பின மக்கள் வறுமையும் இனக்கொடுமையும் தாங்காது வடக்கு நகரங்களை நோக்கி இலட்சக்கணக்கில் பெயர்ந்தனர்.

அமெரிக்கா அயல்நாட்டாரை நோக்கிக் கைக்கொண்ட போக்கும் ஈண்டுக் கருதத்தக்கது. 1917-ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியா உள்ளிட்ட ஆசியப் பகுதி மக்களின் குடியேற்றத்தைத் தடுத்தது. 1923-இல் பகத்சிங் திண்டு என்பாரின் வழக்கில், இந்தியர் அமெரிக்கக் குடியுரிமை பெறத் தகுதியற்றவர் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1924-ஆம் ஆண்டுச் சட்டம் குடியேற்றத்தை மேலும் இறுக்கிற்று. இவ்வாறு இந்திய உழைப்பாளிக்கு வாயில் அடைக்கப்பட்டது; அவன் உழைப்பால் விளைந்த பொருளுக்கோ அவ்வாயில் அகலத் திறந்திருந்தது. அப்பொருளே இரப்பர்.

இரப்பரும் மோட்டார் வண்டியும்

மோட்டார் வண்டிக்குத் தேவையான இரும்பும் நிலக்கரியும் எண்ணெயும் அமெரிக்க மண்ணிலேயே கிடைத்தன. சக்கரத்திற்கு வேண்டிய இரப்பர் மட்டும் அங்கு விளையவில்லை. ஒகையோ மாநிலத்தின் ஆக்ரன் நகரம் சக்கர உறைகள் செய்வதில் உலகத் தலைமை பெற்றிருந்தது. ஆயின் அந்நகரத் தொழிற்சாலைகளுக்கு வேண்டிய மூலப்பொருளின் பெரும்பகுதி மலாயா, டச்சு இந்தியத் தீவுகள், இலங்கை ஆகிய நாடுகளிலிருந்தே வந்தது. உலகில் விளைந்த இரப்பரில் பாதிக்கு மேல் அமெரிக்காவே வாங்கியது.

மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களுள் பெரும்பாலானவை ஆங்கிலக் கும்பினிகளுக்கு உரியவை. போருக்குப் பின் விலை வீழ்ந்தமையால், விளைவைக் குறைத்து விலையை உயர்த்தும் நோக்குடன் 1922 நவம்பரில் ஸ்டீவன்சன் திட்டம் என்னும் கட்டுப்பாடு மலாயாவிலும் இலங்கையிலும் புகுத்தப்பட்டது. 1925-ஆம் ஆண்டின் இடைப்பகுதியில் இரப்பரின் விலை பவுண்டு ஒன்றிற்கு ஒரு டாலரைக் கடந்தது. அமெரிக்க வணிகத் துறைச் செயலராக இருந்த எர்பர்ட்டு ஊவர் இத்திட்டத்தைக் கடுமையாக எதிர்த்தார். ஃபயர்ஸ்டோன் நிறுவனம் 1926-இல் ஆப்பிரிக்காவின் லைபீரிய நாட்டில் பத்து இலட்சம் ஏக்கர் வரை குத்தகை பெற உடன்படிக்கை செய்துகொண்டது. ஃபோர்டு பிரேசில் நாட்டு அமேசான் காட்டில் தோட்டமும் நகரமும் அமைக்க முனைந்தார். இவை உடனடியாகப் பயன் தரவில்லை. ஆகவே அமெரிக்கச் சாலைகளில் உருண்ட சக்கரங்கள் மலாயாத் தோட்டங்களையே தொடர்ந்து நம்பியிருந்தன.

அத்தோட்டங்களில் மரஞ்சீவிப் பாலெடுத்தவருள் மிகப் பெரும்பாலோர் தமிழர். சீனரும் சாவகத் தீவினரும் உழைத்தனர் என்பது உண்மை. எனினும் ஆங்கிலக் கும்பினிகளின் பெருந்தோட்டங்களில் தமிழரே முதன்மைத் தொழிலாளராயிருந்தனர். விலையேற்றத்திற்கும் குடிப்பெயர்ச்சிக்கும் உள்ள தொடர்பு கண்கூடு. விலை உச்சத்தை எட்டிய 1925-ஐ அடுத்து, 1926-ஆம் ஆண்டில் மட்டும் 1,70,000-க்கு மேற்பட்ட இந்தியர் மலாயா சென்றடைந்தனர். அவர்களுள் மிகுதியானோர் சென்னை மாகாணத்துத் தமிழ் மாவட்டங்களைச் சார்ந்தவர். அமெரிக்கக் குடும்பம் ஒன்று தவணை முறையில் வண்டி வாங்க முடிவு செய்தமைக்கும், தமிழ்நாட்டுச் சிற்றூர் ஒன்றில் ஒரு குடும்பம் மூட்டை கட்டியமைக்கும் இடையே இத்தகைய தொடர்பு இருந்தது.

செங்கல்பட்டு மாவட்டமும் ஆவடியும்

மலாயா செல்வோரைத் தங்கவைத்துக் கப்பலேற்றுதற்கெனத் தமிழ்நாட்டில் இரண்டு முகாம்கள் இருந்தன. ஒன்று நாகப்பட்டினத்தில், மற்றொன்று ஆவடியில். தஞ்சை, திருச்சிராப்பள்ளி முதலிய தென்பகுதியினர்க்கு நாகப்பட்டினம் அண்மையது. வட ஆர்க்காடு, செங்கல்பட்டு முதலிய வடபகுதியினர்க்கு ஆவடி அண்மையது. சென்னை இராயபுரத்திலிருந்து ஆர்க்காட்டுப் பகுதிக்கு 1856-இல் போடப்பட்ட இருப்புப்பாதையே தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இருப்புப்பாதை. கடம்பத்தூரும் திருவள்ளூரும் ஆவடியும் அப்பாதையில் உள்ள ஊர்கள். இப்பாதை நெல்லையும் வேர்க்கடலையையும் பட்டணத்திற்குக் கொண்டு சென்றதுபோலவே ஆட்களையும் கொண்டு சென்றது.

இப்பகுதி அக்காலத்தில் செங்கல்பட்டு மாவட்டத்தில் அடங்கியிருந்தது. ஏரிப்பாசனமும் மானாவாரி நிலமும் கலந்த மாவட்டம் அது. மழை பொய்த்தால் ஏரி வறண்டது. ஏரி வறண்டால் வேலை இல்லை. நிலவுரிமை மிராசுதாரர் கையில் இருந்தது. குடியிருக்கும் மனையுங்கூடப் பல ஊர்களில் அவர்களுடைய ஆட்சிக்கு உட்பட்டதாகவே இருந்தது. ஆகவே, கடன்பட்ட பண்ணையாள் தன் குடிசையை இழக்கும் அச்சத்திலேயே வாழ்ந்தான். செங்கல்பட்டு மாவட்ட ஆட்சித் தலைவராயிருந்த திரெமென்கீர் ஒடுக்கப்பட்ட மக்களின் இந்நிலையை ஆராய்ந்து 1891-இல் விரிவான அறிக்கை எழுதினார். அதன் விளைவாக 1892-இல் அம்மக்களுக்கு நிலம் ஒதுக்கும் அரசாணை பிறந்தது. பஞ்சமி நிலம் என்று இன்றும் வழங்குவது அதுவே. ஆணை பிறந்தும் நிலைமை விரைவில் மாறவில்லை. கடல்கடந்து செல்லும் வழி திறந்தபோது, அவ்வழியில் சென்றவருள் கணிசமான பகுதியினர் இத்தகைய ஒடுக்கப்பட்ட குடியினராயிருந்தமை வியப்பன்று.

1922-ஆம் ஆண்டு இந்தியக் குடிப்பெயர்ச்சிச் சட்டம் ஆள் திரட்டும் முறையை ஒழுங்குபடுத்த முயன்றது. தோட்டத் துரையிடம் உரிமச் சீட்டுப் பெற்ற கங்காணி தன் சொந்த ஊருக்கு வந்து, உறவினரையும் அறிந்தோரையும் சேர்ப்பான். பெயர்ந்து செல்வோரின் விருப்பத்தைக் கிராம அதிகாரி உறுதி செய்தல் வேண்டும். பின்னர் முகாமில் அரசு அலுவலரும் மருத்துவரும் அவர்களைப் பார்வையிடுவர். சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ கப்பலேறியோர் பல நாட் பயணத்திற்குப் பின் பினாங்குத் துறையை அடைவர். அங்கு நோய்த்தடுப்பு முகாமில் சில நாள் தங்கிய பின்னரே தோட்டம் சேர்வர். தோட்ட முதலாளிகள் செலுத்திய வரியால் அமைந்த குடியேற்ற நிதியிலிருந்து பயணச் செலவு கொடுக்கப்பட்டது. ஒப்பந்தக் கூலி முறை 1910-ஆம் ஆண்டிலேயே மலாயாவில் நிறுத்தப்பட்டுவிட்டது. ஆதலின் சட்டத்தின் கண்ணில் இவர்கள் விடுதலை பெற்ற உழைப்பாளிகள். ஆனால் கங்காணியிடம் பட்ட கடனும், அறியாத நாட்டின் தனிமையும் அவ்விடுதலையைப் பெரிதும் சுருக்கின.

சொற்கள் தரும் சான்று

வரலாற்றுக்கு அரசு ஆவணம் மட்டுமே சான்று அன்று, மொழியும் சான்றாகும். தோட்டத் தமிழர் வழக்கில் பயின்ற சொற்களைத் தமிழ் ஆராய்ச்சியாளர் ஊன்றி நோக்குதல் வேண்டும். ‘கங்காணி’ என்னும் சொல் ‘கண்காணி’ என்பதன் திரிபு. மேற்பார்வை செய்வோன் என்னும் பொருளில் சோழர் காலக் கல்வெட்டுகளிலேயே கண்காணி என்ற சொல் ஆளப்பட்டுள்ளது. கோயில் நிருவாகத்தையும் ஊர்க் கணக்கையும் மேற்பார்த்தவனைக் குறித்த பழஞ்சொல், கடல்கடந்த தோட்டத்தில் ஆள் சேர்ப்பவனையும் அவர்களை வேலைவாங்குபவனையும் குறிக்கலாயிற்று. தன்கீழ் அன்றன்று வேலைக்கு வந்த ஒவ்வோர் ஆளுக்கும் இவ்வளவு என்று கங்காணி பெற்ற தொகை ‘தலைக்காசு’ எனப்பட்டது. மனிதரைத் தலையெண்ணிக் கணக்கிட்ட முறையை இவ்வொரு சொல்லே விளக்கிவிடுகிறது.

விடியற்காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுதல் ‘பிரட்டு’. ஆங்கிலப் படை அணிவகுப்பைக் குறிக்கும் சொல்லின் தமிழ்த் திரிபு இது. ஒரே கூரையின்கீழ் வரிசையாகக் கட்டப்பட்ட சிற்றறைகள் ‘லயம்’. வரிசை என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல்லே லயமாயிற்று. இசையொழுங்கைக் குறிக்கும் லயம் என்ற சொல்லோடு ஒலியளவில் ஒத்தும் பொருளளவில் எத்துணை வேறுபட்டும் நிற்கிறது இது! கணக்கெழுதுவோர் ‘கிராணி’, மரப்பட்டையில் ஒட்டி உலர்ந்த எச்சம் ‘ஒட்டுப்பால்’. பால்மரம், பால்வெட்டு என்னும் சொற்களில் மட்டுமே தமிழுழவனின் பழைய உலகு எஞ்சி நிற்கிறது. ஆவின் மடியையும் ஆலின் பாலையும் அறிந்தவன், அயல்நாட்டு மரத்தின் சாற்றையும் பால் என்றே அழைத்தான். ஆட்சியைக் குறிக்கும் சொற்கள் பல பிறமொழியிலிருந்து வந்தன. உழைப்பைக் குறிக்கும் சொற்கள் பெரிதும் தமிழாகவே நின்றன. அங்கு ஆண்டவர் யார், உழைத்தவர் யார் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

கூலியும் வாழ்வும்

1920-க்குப் பிந்திய ஆண்டுகளில் மலாயா அரசு இந்தியத் தொழிலாளர்க்குத் திட்டக்கூலி வரையறுத்தது. முதன்மையான தோட்டப் பகுதிகளில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் என்று அது அமைந்தது. மலாயா வெள்ளி ஒன்று அக்காலத்தில் ஆங்கில நாணயத்தில் 2 சில்லிங் 4 பென்சுக்கு நிலைநிறுத்தப்பட்டிருந்தது. அமெரிக்க மதிப்பில் அஃது ஏறத்தாழ 57 சென்டு. எனவே, தமிழ்த் தொழிலாளியின் நாட்கூலி அமெரிக்கக் கணக்கில் 28 அல்லது 29 சென்டுக்கு மேல் இல்லை. அதே காலத்தில் டிட்ராய்ட்டு நகரத்து ஃபோர்டு தொழிலாளியின் குறைந்த நாட்கூலி 6 டாலர். ஒரே வண்டிக்காக உழைத்த இருவருள் ஒருவர் பெற்றது மற்றவர் பெற்றதில் இருபதில் ஒரு பங்கே.

இரு நாடுகளிலும் உணவு, உடை, வீட்டுவாடகை ஆகியவற்றின் விலை வேறுபட்டதால் இவ்வொப்பீடு பொருந்தாது என்று சிலர் கூறக்கூடும். விலை வேறுபட்டது உண்மையே. ஆயினும் நாம் இங்குக் கருதுவது வேறொன்று. ஃபோர்டு தன் தொழிலாளிக்கு 1914-இல் 5 டாலர் கூலி அறிவித்ததன் பயன்களுள் ஒன்று, வண்டி செய்பவனே வண்டி வாங்கக் கூடியவனாயினான் என்பது. உழைப்பவனே நுகர்வோனாகவும் ஆதல் அமெரிக்கச் செழிப்பின் தனித்தன்மை என்று போற்றப்படுகிறது. அத்தன்மை ஆக்ரன் நகரத்தோடு நின்றுவிட்டது. பால்வெட்டுக் கத்தி பிடித்தவன்வரை அது வரவில்லை. அவன் தன் உழைப்பால் உருண்ட வண்டியில் ஏறுவதற்கு வழியிருந்ததில்லை.

தோட்டக் கூலி ஊர்க்கூலியினும் மேலானது, நாள்தவறாது கிடைத்தது என்பதையும் மறைத்தல் ஆகாது. பண்ணையாளுக்குக் கூலி பெரும்பாலும் நெல்லாக அளக்கப்பட்ட காலத்தில், காசாகக் கூலி பெறுதலே ஒரு மாற்றம். ஊருக்குப் பணம் அனுப்பியோரும், திரும்பி வந்து சிறுநிலம் வாங்கியோரும் உளர். 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் தோட்டங்களில் குழந்தைகளுக்குப் பள்ளி நடத்த வழிசெய்தது. ஆனால் அதே தோட்டங்களில் கள்ளுக்கடையும் இருந்தது. அமெரிக்கா மது செய்தலையும் விற்றலையும் தடுத்துச் சட்டமியற்றியிருந்த ஆண்டுகளில், அந்நாட்டுக்கு இரப்பர் தந்த தொழிலாளர் தம் கூலியில் ஒரு பகுதியைத் தோட்டத்துக் கள்ளுக்கடையில் இழந்துகொண்டிருந்தனர்.

சரிவும் திரும்பி வருகையும்

1929-இல் அமெரிக்காவில் செய்யப்பட்ட மோட்டார் வண்டிகள் 53 இலட்சம்; 1932-இல் அவை 13 இலட்சம் அளவுக்குச் சுருங்கின. ஆக்ரன் நகரம் இரப்பர் வாங்குவதைக் குறைத்தது. 1925-இல் பவுண்டுக்கு ஒரு டாலரைக் கடந்திருந்த விலை 1932-இல் 3 சென்டு அளவுக்கு இறங்கியது. ஸ்டீவன்சன் திட்டமும் 1928 அக்டோபரிலேயே கைவிடப்பட்டிருந்ததால் விலையைத் தாங்குவதற்கு எதுவும் இல்லை.

தோட்ட முதலாளிகள் முதலில் கூலியைக் குறைத்தனர். 50 காசாயிருந்த ஆண் கூலி ஈராண்டிற்குள் ஏறத்தாழப் பாதியளவாயிற்று. அதுவும் போதாதென்று ஆட்களைக் குறைத்தனர். உதவிப் பயணம் 1930-இல் நிறுத்தப்பட்டது. வேலையிழந்தோரை அரசு கப்பலேற்றித் தாயகத்திற்குத் திருப்பியனுப்பியது. 1930 முதல் 1932 முடிய மூன்றாண்டுகளில் இவ்வாறு அனுப்பப்பட்டோர் ஒன்றரை இலட்சத்திற்கும் மேற்பட்டோர். ஆட்கள் சென்ற வழியே ஆட்கள் திரும்பினர். அமெரிக்காவிலும் இதே ஆண்டுகளில் மெக்சிகோ நாட்டுத் தொழிலாளர் பல இலட்சம் பேர் எல்லைக்கு அப்பால் அனுப்பப்பட்டனர் என்பதை ஒப்புநோக்குக. வேலையுள்ளபோது அழைக்கப்படுதலும், வேலையற்றபோது விலக்கப்படுதலும் இருசாரார்க்கும் பொதுவாயின.

திரும்பிவந்தோரை எதிர்கொண்ட ஊர் எந்நிலையில் இருந்தது? தமிழ்நாட்டு நாட்டுப்புறமும் 1920-க்குப் பிந்திய ஆண்டுகளில் ஒருவகைச் செழிப்பைக் கண்டிருந்தது. ஐரோப்பியச் சந்தைக்காக வேர்க்கடலையும் ஆலைகளுக்காகப் பருத்தியும் பயிரிட்டோர், உயர்ந்த விலையை நம்பிக் கடன் வாங்கினர். அமெரிக்கக் குடும்பம் தவணைக்கு வண்டி வாங்கியதுபோல, தமிழ் உழவன் விளையப்போகும் கடலையை நம்பிக் கடன்பட்டான். விலை வீழ்ந்தபின் கடன் மட்டும் நின்றது. சென்னை மாகாணத்தின் நாட்டுப்புறக் கடன் 150 கோடி ரூபாய் என்று 1930-இல் வங்கி விசாரணைக் குழு மதிப்பிட்டது. 1935-இல் சத்தியநாதன் அறிக்கை அதனை 200 கோடி ரூபாய் என்று கணித்தது. நெல்லின் விலை ஏறத்தாழப் பாதியாயிற்று. விலை பாதியானால் கடனின் சுமை இருமடங்காயிற்று என்பதே பொருள். இத்தகைய ஊருக்கே மலாயாவினின்று வேலையிழந்தோர் வந்து சேர்ந்தனர். 1938-இல் சென்னை அரசு உழவர் கடன் நிவாரணச் சட்டம் இயற்றியது. நிலமற்ற கூலியாளுக்கு அதனால் விளைந்த நன்மை சிறிதே.

விழிப்பும் கோரிக்கையும்

சரிவு துன்பத்தை மட்டும் தரவில்லை. புதிய எண்ணங்களும் அக்காலத்தில் பரவின. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த முதலாவது மாகாணச் சுயமரியாதை மாநாடு, சாதிப் பட்டங்களை நீக்குதல் வேண்டும் என்றும் பெண்களுக்குச் சொத்தில் சமவுரிமை வேண்டும் என்றும் தீர்மானித்தது. அவ்வாண்டின் இறுதியில் பெரியார் ஈ.வெ.ரா. மலாயாவுக்குச் சென்று தமிழரிடையே சொற்பொழிவாற்றினார். சிங்கப்பூரில் 1932-இல் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றியது, 1935-இல் கோ. சாரங்கபாணியார் ‘தமிழ் முரசு’ இதழைத் தொடங்கினார். ஊரில் தன் சாதியால் அறியப்பட்டவன், கடல்கடந்த நாட்டில் தமிழன் என்றும் தொழிலாளி என்றும் தன்னை அறியத் தலைப்பட்டான். லயங்களிலும் சாதிவேற்றுமை முற்றும் அழிந்ததில்லை. ஆயினும் அதனை எதிர்க்கும் குரல் எழுந்தது.

இரப்பர் விலை மீண்டபோது கூலி அதே விரைவில் மீளவில்லை. வி.எஸ். சீனிவாச சாஸ்திரியார் 1936 டிசம்பரில் மலாயா சென்று தொழிலாளர் நிலையை ஆராய்ந்தார். அவரது அறிக்கை 1937-இல் வெளிவந்தது. கூலி மீண்டும் குறைக்கப்பட்டபோது, 1938 ஜூன் மாதத்தில் இந்திய அரசு மலாயாவுக்கு உதவி பெற்றுச் செல்லும் குடிப்பெயர்ச்சியைத் தடை செய்தது. கங்காணி முறையின் முடிவு அதுவே. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தமிழ்த் தொழிலாளர் பெரும் வேலைநிறுத்தம் செய்தனர். கூலி உயர்வோடு, கள்ளுக்கடையை மூடுதல், மரியாதையாக நடத்தப்படுதல் ஆகியனவும் அவர்தம் கோரிக்கைகளாயிருந்தன. தலைக்காசாக எண்ணப்பட்டவர் மனிதராக எண்ணப்படுதல் வேண்டும் என்று கேட்ட கோரிக்கை அது.

முடிவுரை

மேற்கூறியவற்றால் நாம் பெறும் முடிபு இது. அமெரிக்காவின் செழிப்புக் காலம் மூன்று தளங்களையுடைய மாளிகை போன்றது. மேல்தளத்தில் வண்டி வாங்கிய குடும்பம். நடுத்தளத்தில் வண்டி செய்த தொழிலாளி. கீழ்த்தளத்தில் இரப்பர்ப் பாலெடுத்த தமிழ்த் தொழிலாளி. அமெரிக்க வரலாறு எழுதுவோர் மேலிரு தளங்களைக் கண்டனர். தமிழர் குடிப்பெயர்ச்சி வரலாறு எழுதுவோர் கீழ்த்தளத்தைக் கண்டனர். மூன்றையும் இணைத்துக் கண்டாலன்றி அக்காலத்தின் முழுவடிவம் புலப்படாது. செழிப்பு மேலிருந்து கீழே இறங்குகையில் தேய்ந்து தேய்ந்து வந்தது. சரிவோ தேயாமல் முழுவேகத்தோடு கீழ்த்தளத்தை அடைந்தது.

இவ்வாராய்ச்சி பழமையோடு முடிவதன்று. 1961-இல் அதே செங்கல்பட்டு மாவட்டத்துத் திருவொற்றியூரில், ஒகையோ மாநிலத்து மேன்சுஃபீல்டு நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியோடு எம்.ஆர்.எஃப். சக்கர உறைத் தொழிற்சாலை எழுந்தது. ஆவடியில் படைவண்டித் தொழிற்சாலை நிறுவப்பட்டது. 1997-இல் தனி மாவட்டமான திருவள்ளூரில், கடம்பத்தூர் வட்டாரம் முதல் கும்மிடிப்பூண்டி வரை தொழிற்கூடங்கள் பெருகியுள்ளன. ஆட்களை அனுப்பிய நிலம் இன்று ஆட்களை ஏற்கும் நிலமாயிற்று; ஒடிசா, பீகார் முதலிய மாநிலத்தார் இங்கு வந்து உழைக்கின்றனர். 2020-இல் பெருந்தொற்றினால் தொழிற்கூடங்கள் அடைபட்டபோது அவர்களுள் பலர் தனி இரயில்களில் தம் ஊர் திரும்பினர். இரயில் கிடைக்காதோர் நடந்தும் சென்றனர்.

அவர்களைப் பற்றிய ஆவணங்களையும், அவர்கள் வாயில் வழங்கும் சொற்களையும் பாடல்களையும் இன்றே தொகுத்தல் தமிழ்த் துறையினர் கடமைகளுள் ஒன்று. ஆவடி முகாமின் வழியே சென்றவரும் திரும்பியவரும் கூறியிருக்கக் கூடியவற்றுள் மிகச் சிலவே நமக்குக் கிடைத்துள்ளன. கேட்பார் இல்லாமையே அதற்குக் காரணம், கூறுவார் இருந்தனர். அக்குறை இன்னொரு முறை நேராதபடி காத்தல் வேண்டும்.